ஓரத்தின் கூர்மை: மதுரை மண்டபங்களில் மீன்விழி வில்லை

ஒரு மண்டபத்தின் நடுவிலிருந்து சுற்றிலும் மேலும் கீழும் தெரிகின்ற அனைத்தையும் ஒரே படத்தில் அடக்குகின்ற முழுக்கோளப் படத்தின் கூர்மையை, கேமராவின் பெட்டி மேல் அச்சிடப்பட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைக் கொண்டு மதிப்பிட முடியாது. அத்தகைய படம் கிடைமட்டத்தில் 360 பாகையையும் செங்குத்தில் 180 பாகையையும் உள்ளடக்குவதால், ஒவ்வொரு பாகைக்கும் எத்தனை பிக்சல்கள் கிடைக்கின்றன என்பதே அதன் சரியான அளவுகோல். குறையற்ற மனிதக் கண் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளைப் பிரித்தறியும். அந்தக் கண்ணுக்கு ஈடாக ஒரு முழுக்கோளப் படம் அமைய வேண்டுமானால் அதற்குப் பாகைக்கு 60 பிக்சல் வீதம் 21,600 பிக்சல் அகலமும் 10,800 பிக்சல் உயரமும், ஆக 23 கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களும் தேவைப்படும். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் பிரகாரங்களையும், கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தையும், திருமலை நாயக்கர் மகாலின் உயர்ந்த தூண்களையும் இவ்வகையில் பதிவு செய்ய முனைவோர் முதலில் எதிர்கொள்வது இந்தக் கணக்கைத்தான்.

நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டுகின்ற சாதாரண அகலக்கோண வில்லையில், ஒரு பொருள் வில்லையின் அச்சிலிருந்து விலக விலக, அதன் பிம்பம் அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பின் விகிதத்தில் நடுப்புள்ளியை விட்டுத் தள்ளிப் போகிறது. கோணம் 90 பாகையை நெருங்கும்போது டேன்ஜென்ட் முடிவிலியை நோக்கி ஓடுவதால், 180 பாகையை இவ்வகையில் பதிய எல்லையற்ற பெரிய பரப்பு வேண்டியிருக்கும். மீன்விழி வில்லை நேர்கோடுகளை வளைய விட்டு இந்தத் தடையைக் கடக்கிறது. இதன் மூலக்கருத்து நீரிலிருந்து பிறந்தது. நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் கண்ணுக்கு, ஒளிவிலகலின் காரணமாக, நீர்மட்டத்துக்கு மேலுள்ள அரைக்கோள உலகம் முழுவதும் அச்சின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 48.6 பாகை கொண்ட கூம்புக்குள் சுருங்கித் தெரியும். அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் 1906-இல் நீர் நிரப்பிய கலத்துக்குள் ஒளித்தகட்டை வைத்து நுண்துளை வழியே படமெடுத்து, மீன் காணும் உலகம் எப்படியிருக்கும் என்பதைக் காட்டினார். நீரின் வேலையைக் கண்ணாடியே செய்யும்படி ராபின் ஹில் வடிவமைத்த வில்லை 1924-இல் வெளிவந்தது. அது மேகங்களை ஆராயும் வானிலையியலாளருக்காக, முழு வானத்தையும் ஒரே தகட்டில் பதிவதற்கென்று உருவானது. 35 மி.மீ. படச்சுருள் கேமராவில் பொருத்தக்கூடிய 8 மி.மீ. மீன்விழி வில்லையை நிக்கான் நிறுவனம் 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேகங்களைப் பதியப் பிறந்த வில்லைக்கு ஓரத்தில் நுண்ணிய கூர்மை தேவைப்படவில்லை, அதே வில்லைக் குடும்பத்திடம் கல்வெட்டு எழுத்தின் கூர்மையை எதிர்பார்ப்பது பிற்காலத்தின் கோரிக்கை.

மீன்விழி வில்லைகள் கோணத்தைத் தூரமாக மாற்றுகின்ற விதத்தில் தமக்குள் வேறுபடுகின்றன. சிலவற்றில் அச்சிலிருந்து கோணம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் பிம்பத்தின் தூரமும் கூடும். இவை சமதூர வகை. பெரும்பாலான கேமரா வில்லைகள் சமபரப்பு வகையை ஒட்டியவை. இவற்றில் வெளியுலகின் சமமான திண்மக் கோணங்கள் படத்தில் சமமான பரப்புகளாக விழும், ஆனால் அதற்கு விலையாக ஓரத்தில் ஆரத்தின் திசையில் பிம்பம் நெருக்கப்படும். இரு வகைகளிலும் படத்தின் நடுவில் கணக்கு ஒன்றுதான். குவியத்தூரம் 8 மி.மீ. என்றால் ஒரு பாகை, கேமராவின் ஒளி உணரியின் மேல் ஏறக்குறைய 0.14 மி.மீ. இடத்தைப் பெறும். 36 மி.மீ. அகலத்தில் 6,000 பிக்சல் கொண்ட முழுச்சட்ட உணரியில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரோமீட்டர் என்பதால், பாகைக்கு 23 பிக்சலுக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். அதிலிருந்து தைக்கப்படும் முழுவட்டம் சுமார் 8,400 பிக்சல் அகலம் பெறும். 15 மி.மீ. மீன்விழியைப் பொருத்தினால் அது 15,700-ஐத் தொடும், ஆனால் எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கையும் கூடும்.

இந்த எண்களைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். 5 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 87 மி.மீ.; பாகைக்கு 23 பிக்சல் கொண்ட படத்தில் ஒவ்வொரு பிக்சலும் அச்சுவரில் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலத்தைக் காட்டும். 3 செ.மீ. உயரத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு எழுத்து ஒன்று அப்படத்தில் 8 பிக்சல் உயரத்துக்குள் அடங்கிவிடும். கல்லின் சொரசொரப்பும் அந்த 8 பிக்சலில் கலந்திருப்பதால் எழுத்து இருப்பது தெரியுமே தவிர, அதை உறுதியாகப் படிக்க இயலாது. 15 மி.மீ. வில்லையில் அதே எழுத்து 15 பிக்சல் உயரம் பெற்றுப் படிக்கக்கூடிய எல்லைக்குள் வருகிறது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே அளந்து, மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்துப் பெறுவதால், உண்மையான நுணுக்கம் இந்த எண்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஆயினும் மேற்கண்ட எண்கள் அனைத்தும் படத்தின் நடுவுக்கு உரியவை. முழுக்கோளப் படத்தின் தரம் நிர்ணயமாவது ஓரத்தில். தனிப்படம் ஒன்றில் முகமோ சிலையோ பெரும்பாலும் நடுவில் வருகிறது, ஓரத்தில் சற்று மங்கலிருந்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை. பல மீன்விழிப் படங்களைத் தைத்து ஒன்றாக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தின் ஓரத்தோடு சேரும் இடமே தையல். அந்தத் தையல் முழுக்கோளத்தில் பார்வையாளர் எந்த நேரமும் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒரு திசையில் விழுகிறது, முழுக்கோளத்திலோ நடுவென்றும் ஓரமென்றும் எதுவும் கிடையாது. ஆகவே ஒரு மீன்விழி வில்லை அதன் மிகச் சிறந்த பகுதியால் அல்லாமல், பயன்படுத்தப்படும் பகுதிகளில் மிக நலிந்ததால் மதிப்பிடப்பட வேண்டும்.

ஓரம் நலிவடைவதற்குக் காரணங்கள் பல. சமபரப்பு வகை வில்லையில் அச்சிலிருந்து 90 பாகையில் ஆரத்திசைப் பிக்சல் அடர்த்தி நடுவிலிருப்பதன் 71 விழுக்காடாகக் குறைகிறது. நடுவில் பாகைக்கு 23 பிக்சல் தரும் வில்லை அங்கே 16-ஐத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் நிறப்பிறழ்ச்சி சேர்கிறது: கண்ணாடி சிவப்பொளியையும் நீலவொளியையும் சமமாக வளைப்பதில்லை என்பதால், ஒரே தூணின் சிவப்புப் பிம்பமும் நீலப் பிம்பமும் சற்றே வெவ்வேறு அளவில் பதிந்து, வெயிலை எல்லையாகக் கொண்ட தூண் விளிம்புகளில் ஊதா நிறக் கோடும் பச்சை நிறக் கோடும் தோன்றும். கிடைக்கோட்டையும் செங்கோட்டையும் ஒரே தூரத்தில் குவிக்க இயலாத குறையும், தட்டையான உணரிக்குப் பதில் வளைந்த ஒரு பரப்பில் பிம்பத்தைக் குவிக்கும் இயல்பும் ஓரத்திலேயே மிகுதியாக வெளிப்படும். வில்லை உறுப்புகள் நூலிழை அளவு அச்சு விலகிப் பொருத்தப்பட்டிருந்தால்கூட இடப்பக்க ஓரம் கூர்மையாகவும் வலப்பக்க ஓரம் மங்கலாகவும் அமைந்து, தையலில் கூர்மையான தூணின் பாதி மங்கலான பாதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த நலிவிலிருந்து தப்ப எளிய வழி, ஓரத்தைப் பயன்படுத்தாமல் வெட்டி எறிவதுதான். சுற்றிலும் மூன்று படங்கள் எடுத்தால் ஒவ்வொன்றிலும் அச்சிலிருந்து 60 பாகை வரையுள்ள பகுதி தேவைப்படும். நான்கு படங்களில் 45 பாகை போதும். ஆறு படங்களில் 30 பாகை போதும். சமபரப்பு வில்லையின் பிக்சல் அடர்த்தி 60 பாகையில் 13 விழுக்காடும், 45 பாகையில் 8 விழுக்காடும், 30 பாகையில் 3 விழுக்காடும் மட்டுமே குறைகிறது; நடுவை நெருங்க நெருங்க நிறப்பிறழ்ச்சியும் மங்கலும் பொதுவாக இந்த இழப்பைவிட வேகமாகக் குறைகின்றன. மேல்நோக்கிய கூரைக்கென்று தனியாக ஒரு படம் எடுக்காவிட்டால், சுற்றுப் படங்களின் 90 பாகை ஓரமே கூரையாகிவிடும். மீனாட்சி கோயிலின் கிளிக்கூண்டு மண்டபத்தைப் போன்று விதானத்தில் வண்ண ஓவியங்கள் கொண்ட இடத்திலும், மரமோ இரும்போ தாங்காமல் செங்கல்லும் சுதையும் மட்டுமே கொண்டு எழுப்பப்பட்ட, திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்துக்குக் கீழும் அந்த ஒரு கூடுதல் படத்தைத் தவிர்ப்பது, அங்கே பார்க்க வேண்டிய முதன்மையான பொருளையே வில்லையின் மிக மோசமான பகுதியிடம் ஒப்படைப்பதாகும். நேரமும் அனுமதியும் குறைவாக உள்ள இடத்தில் அந்தக் கூரைப் படத்தை மறந்துவிடுவது எளிது.

படம் எடுக்கத் தொடங்கும் திசையும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. 124 தூண்கள் வரிசைகளாக நிற்கும் புதுமண்டபத்தில், நாயக்க மன்னர்களின் உருவங்கள் செதுக்கப்பட்ட தூண்களும் புராணச் சிற்பங்களும் யாளிகளும் எந்தெந்தத் திசையில் உள்ளன என்பதை முன்னரே பார்த்து, அவை படங்களின் நடுவிலும், தையல்கள் அலங்காரமற்ற தூண் இடைவெளிகளிலும் விழும்படி முக்காலியைத் திருப்பிக்கொள்ளலாம். கருவியின் விலையில் ஒரு காசும் கூடாமல் கிடைக்கின்ற இந்தக் கூர்மையை, தொடங்கும் திசையைத் தற்செயலுக்கு விடுபவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

ஓரத்தை நம்பாமல் பல சட்டகங்களில் நடுவை மட்டும் கொண்டு ஒரு நீண்ட பரப்பைப் பதிவது தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைக்கு வந்து கோயிலையும் புதுமண்டபத்தையும் அன்று சிதைந்து கிடந்த நாயக்கர் அரண்மனையையும் பதிவு செய்தார். அப்படங்கள் அதே ஆண்டில் மதுரைக் காட்சிகள் என்ற பொருளுடைய தொகுதிகளாக வெளியாயின. புதுமண்டபத்தின் தென்புறத் தூண்வரிசையை மேற்கு முகப்பிலிருந்து காட்டும் படத்தில், அருகிலுள்ள தூணிலிருந்து தொலைவில் இருளில் கரையும் தூண் வரை ஒரே சட்டகத்தில் பிடிக்க அவர் முயன்றிருக்கிறார். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பதிய நேர்ந்தபோது அவர் வேறு வழியைத் தேர்ந்தார். ஓரிடத்தில் நின்று கேமராவைத் திருப்பியிருந்தால் தொலைவிலுள்ள எழுத்துகள் சாய்ந்தும் குறுகியும் விழுந்திருக்கும். ஆகவே அவர் சுவரையொட்டிக் கேமராவை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு பகுதியையும் நேர்முகமாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ்; கண்ணாடித் தகட்டைவிட வெப்பத்தையும் பயணத்தையும் தாங்கக்கூடியது, ஆனால் காகித இழைகளின் தடம் படத்தில் ஏறுவதால் நுண்ணிய விவரம் குறைந்தது. கருவியின் இந்த வரம்பை அறிந்திருந்ததால்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் போதிய பரப்பு கிடைக்கும்வரை சட்டகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் மண்ணில் செய்யப்பட்ட இந்த வேலைக்கு நிழற்பட வரலாற்றில் உரிய இடம் உலக அருங்காட்சியகங்களில் கிடைத்துவிட்டது; தமிழகத்தின் பள்ளிப் பாடநூல்களிலும் அது இடம்பெற வேண்டும். மீன்விழி முழுக்கோளம் ஒரு மண்டபத்தின் வெளியை, அதாவது தூண்களுக்கிடையே நிற்பவர் உணரும் அகலத்தையும் ஆழத்தையும், காட்டுவதற்கு ஏற்றது. சுவரெழுத்தைப் படிப்பதற்கு ட்ரைப் நகர்ந்து எடுத்த முறையே இன்றும் சிறந்தது. இரண்டையும் ஒரே படத்தில் அடைய முயல்வது வீண்.

வில்லைக்குள் ஒளி நுழையும் துளையின் அளவைப் பற்றி நிலவும் பொதுவான நம்பிக்கை, துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்பது. துளை சுருங்கும்போது வில்லையின் ஓரக் குறைகள் குறைவது உண்மை. ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளியலைகள் வளைந்து பரவுவதால், ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு சிறு வட்டமாக விரிகிறது. இதனை விளிம்பு விளைவு என்பர். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் துளை எண் எஃப் 5.6-இல் சுமார் 7.5 மைக்ரோமீட்டர், எஃப் 8-இல் 10.7, எஃப் 16-இல் 21. பிக்சல் அகலம் 6 மைக்ரோமீட்டராக இருக்கும்போது எஃப் 16 என்பது ஒரு புள்ளியை மூன்றரைப் பிக்சல் அகலத்துக்குத் தேய்த்துவிடும். பெரும்பாலான மீன்விழி வில்லைகள் எஃப் 5.6-க்கும் எஃப் 8-க்கும் இடையில் ஓரத்தில் நல்ல தெளிவைத் தருகின்றன. நடுப்பகுதி எஃப் 4-லேயே உச்சத்தை எட்டியிருக்கலாம், ஆனால் தையல் விழும் ஓரத்தைச் சோதித்துத் துளையைத் தேர்வதே முறை.

எஃப் 8-க்கு மேல் சுருக்க வேண்டிய தேவையும் இங்கு இல்லை, ஏனெனில் குறுகிய குவியத்தூரம் கொண்ட வில்லைகளில் தெளிவாகத் தெரியும் ஆழம் இயல்பாகவே மிகப் பெரியது. ஒரு பிக்சலுக்கு நெருக்கமான 5 மைக்ரோமீட்டர் மங்கலை மட்டுமே ஏற்றுக்கொள்ளும் கடுமையான கணக்கின்படி, 8 மி.மீ. வில்லையை எஃப் 8-இல் வைத்து 1.6 மீட்டர் தொலைவுக்குக் குவித்தால், 80 செ.மீ. முதல் முடிவிலி வரை அனைத்தும் அந்த வரம்புக்குள் தெளிவாக அமையும். இந்த வசதியே ஒரு தவறுக்கும் வழிவகுக்கிறது. எல்லாம் தெளிவாகத்தானே இருக்கும் என்று எண்ணி, வில்லையின் வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்திவிட்டுப் படமெடுப்போர் பலர். ஆனால் மீன்விழி வில்லைகளில் முடிவிலிக்கும் 1 மீட்டருக்கும் இடையே வளையம் திரும்பும் அளவு மிகச் சிறியது, அக்குறியும் பல வில்லைகளில் துல்லியமானதன்று. கேமராவின் திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து, நடுவிலுள்ள தூணைவிடத் தையல் விழப்போகும் ஓரத்திலுள்ள தூணில் கூர்மையைச் சரிபார்த்து, பின்னர் வளையம் நகராதபடி நாடா ஒட்டிவிடுவது நல்ல வழக்கம். பிம்பப் பரப்பு வளைந்திருக்கும் வில்லையில் நடுவுக்குக் குவிப்பதும் ஓரத்துக்குக் குவிப்பதும் வெவ்வேறு நிலைகள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை நாடவும் நேரலாம்.

தூண்கள் நிறைந்த மண்டபத்தில் கூர்மைக்கு மிகப் பெரிய எதிரி வில்லையைவிட முக்காலியின் தலையில்தான் இருக்கிறது. கேமராவைத் திருப்பும்போது அது எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி, வில்லையின் நுழைவுத்துளை இருக்கும் இடத்தோடு ஒன்ற வேண்டும். நுழைவுத்துளை என்பது வில்லையின் முன்னாலிருந்து பார்க்கும்போது அதன் உள்ளே தெரிகின்ற துளையின் பிம்பம். அது விலகியிருந்தால், அருகிலுள்ள தூண் தொலைவிலுள்ள தூணின் முன்னே இடம் மாறித் தோன்றும். இதுவே இடமாறு தோற்றப் பிழை. விலகல் 5 மி.மீ. மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 1 மீட்டர் அருகிலுள்ள தூண் தொலைவிலுள்ள சுவரோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 0.29 பாகை நகர்ந்து, பாகைக்கு 23 பிக்சல் படத்தில் கிட்டத்தட்ட 7 பிக்சல் இடைவெளியை உண்டாக்கும். மென்பொருள் இரு தூண்களில் ஒன்றை மட்டுமே பொருத்த முடியும். மற்றொன்று தையலில் இரட்டையாகவோ மங்கலாகவோ தெரியும். படத்தைப் பார்ப்பவர் அதை வில்லையின் மங்கல் என்று நினைப்பதுண்டு. திறந்த தெப்பக்குளக் கரையில் இதே பிழை கண்ணுக்கே தெரியாது, ஏனெனில் அங்கே அருகில் எதுவும் இல்லை.

இதில் மீன்விழி வில்லைக்கென்று ஒரு தனிச்சிக்கல் உண்டு. சாதாரண வில்லையில் நுழைவுத்துளை ஏறக்குறைய ஓரிடத்தில் நிலைத்திருக்கும். மீன்விழியில் ஒளி சாய்ந்து வரவர அது முன்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்கிறது. ஆகவே இந்தப் புள்ளியை வில்லையின் நடுவில் வைத்துச் சோதித்துக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. நான்கு படங்கள் எடுப்பதானால் தையல் 45 பாகையில் விழும். அருகிலொரு செங்குத்து விளிம்பும் தொலைவிலொரு செங்குத்து விளிம்பும் ஒரே கோட்டில் அமையும்படி கேமராவை நிறுத்தி, அந்தக் கோட்டை ஒருமுறை சட்டகத்தின் ஒரு பக்கத்தில் 45 பாகையிலும், மறுமுறை எதிர்ப்பக்கத்தில் 45 பாகையிலும் வரச் செய்து, இரு நிலைகளிலும் அது பிரியாதிருக்கும்வரை முக்காலித் தலையிலுள்ள சறுக்குத் தண்டில் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஆறு படங்களுக்கு அந்த இடம் சற்று வேறாகும்; கூரைப் படத்துக்கு இன்னும் வேறாகும்.

படங்களை ஒன்றாகத் தைக்கும் கலை, ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் டெர்ஷ் 1998-இல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளோடு பொதுமக்கள் கைக்கு வந்தது; இன்று இலவசமாகக் கிடைக்கும் ஹூகின் உள்ளிட்ட பல மென்பொருள்கள் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. அவை அண்டைப் படங்களில் ஒரே பொருளைக் குறிக்கும் புள்ளி இணைகளைத் தேடி, அவற்றைக் கொண்டு ஒவ்வொரு படத்தின் திசையையும் வில்லையின் வளைவையும் கணிக்கின்றன. மதுரை இந்தத் தேடலுக்குக் கடினமான ஊர். மீனாட்சி கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களிடையே ஒரு தூணின் சதுரப் பகுதியும் அடுத்ததன் சதுரப் பகுதியும் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதால், மென்பொருள் ஒரு தூணை அதன் பக்கத்துத் தூணென்று நம்பி இணைத்துவிடக்கூடும். திருமலை நாயக்கர் மகாலில் இடர் நேர்மாறானது: சுதை பூசிய வழவழப்பான பெருந்தூண்களில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் கிடைக்காது. இரு இடங்களிலும் புள்ளி இணைகளைக் கையால் குறிப்பதும், தரை முதல் கூரை வரை அவற்றைப் பரப்பி வைப்பதும், மீதமுள்ள பிழை ஒரு பிக்சலுக்குள் அடங்கும்வரை தவறான இணைகளை நீக்குவதும் தவிர்க்க முடியாத வேலை. நிறப்பிறழ்ச்சியைச் சிவப்பு, நீலப் படங்களின் அளவைத் தனித்தனியே திருத்திச் சரிசெய்யும் வசதியும் இந்தக் கட்டத்தில்தான் பயன்படுகிறது.

ஒரு படத்தை வளைத்துப் புதிய உருவுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் பிக்சல்களின் மதிப்புகள் மறுபடி கணிக்கப்பட்டு, நுண்ணிய விவரத்தில் ஒரு பங்கு கரைகிறது. மீன்விழிப் படத்தை முதலில் நேர்கோட்டுப் படமாக மாற்றி, பின்னர் அதைச் சுழற்றி, பிறகு தைப்பவர்கள் மூன்று முறை இந்த இழப்பைச் சந்திக்கிறார்கள். கேமராவின் மூலக்கோப்பிலிருந்து இறுதி உருவுக்கு ஒரே தாவலில் செல்லும்படி எல்லாத் திருத்தங்களையும் ஒரே கணிப்பில் சேர்ப்பதும், கூர்மையூட்டும் செயலை அனைத்தும் முடிந்த பின் ஒரே ஒருமுறை செய்வதும்தான் முறை. முன்கூட்டியே கூர்மையூட்டினால் தூண்களின் விளிம்பில் வெண்கோடுகள் எழுந்து, அவையும் தையலில் பெருகும்.

வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வும் மண்டபப் படங்களில் கூர்மையைத் தின்னும். நடுப்பகல் வெயிலில் வெளியே ஒளியளவு ஒரு லட்சம் லக்ஸை எட்டும். உள்ளே 20 லக்ஸ் என்று கொண்டால் இரண்டுக்குமிடையே 5,000 மடங்கு வேறுபாடு நிற்கிறது. உணரியின் மிகக் குறைந்த உணர்திறனான 100-இல், எஃப் 8-இல், அந்த உட்பகுதிக்கு ஏறக்குறைய 8 நொடி ஒளிபட வேண்டும். திறந்த வாயிலுக்கு ஒரு நொடியின் சிறு பின்னமே போதும். ஒரே திசையில் வெவ்வேறு நேர அளவுகளில் பல படங்கள் எடுத்து இணைப்பதே தீர்வு, அதற்கு முக்காலி அசையாதிருக்க வேண்டும். உணர்திறனைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் புள்ளியிரைச்சல் எழும். அதைத் துடைக்கும் மென்பொருள் கருங்கல்லின் மணிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும், அது கல்லை மெழுகாக்குவதற்குச் சமம். மீன்விழியின் முன்கண்ணாடி புடைத்து நிற்பதால் அதன் முன்னால் மூடுகவசமோ வடிகட்டியோ பொருத்துவது பெரும்பாலும் இயலாது. தூசும் விரல் தடமும் வெயிலில் படம் முழுவதற்கும் மெல்லிய வெண்திரை போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது போதும்.

நகருக்கு வெளியே யானைமலை உச்சியிலிருந்து, பெரியாற்று நீர் பாயும் வயல்களும் கண்மாய்களும் விரிந்த சமவெளியை எடுப்போர், தொலைவுக் காட்சியின் மங்கலுக்குக் கானல் நடுக்கத்தைக் குறைகூறுவதுண்டு. பாகைக்கு 23 பிக்சல் என்ற அளவில் ஒரு பிக்சல் 150 கோண நொடிக்கும் மேற்பட்ட அகலம் கொண்டது. காற்றின் நடுக்கம் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியது. நீண்ட குவியத்தூர வில்லையில்தான் அது தெரியும். சமவெளியைக் கெடுப்பது தூசும் ஈரப்பதமும் கலந்த காற்று. மழை ஓய்ந்த மறுநாள் காலையில் அதே வில்லை அதே மலையிலிருந்து வேறொரு படத்தைத் தரும்.

இரண்டு மீன்விழி வில்லைகளை முதுகோடு முதுகு சேர்த்து, ஒரே அழுத்தலில் முழுக்கோளத்தையும் பதியும் சிறு கேமராக்கள் 2013-இல் ரிகோ நிறுவனத்தின் தீட்டாவோடு பரவலாயின. கூட்டம் நகர்ந்துகொண்டேயிருக்கும் திருவிழாவுக்கும், ஒரு கணத்தில் முடிந்துவிடும் நிகழ்வுக்கும் அவை ஈடற்றவை. ஆனால் 5,376 பிக்சல் அகலம் கொண்ட தீட்டாவின் 2015 மாதிரியில் பாகைக்கு 15 பிக்சலே கிடைக்கிறது, அதோடு இரு வில்லைகளும் ஒவ்வொன்றும் 180 பாகையைச் சுமப்பதால் தையல் 90 பாகையில், அதாவது வில்லையின் கடைசி ஓரத்தில் விழுகிறது. வெட்டி எறிய அங்கே எதுவும் மிச்சமில்லை. பிற்கால மாதிரிகள் பெரிய உணரிகளால் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தையலின் இடம் மாறவில்லை.

2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சி கோயிலின் கிழக்குப் பகுதியிலுள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ, கற்கூரையின் ஒரு பகுதியையும் தூண்களையும் சிதைத்தது. அதே ஆண்டு முதல் கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி தடை உள்ளது; உள்ளே படமெடுப்பது உரிய அனுமதி பெற்றோருக்கு மட்டுமே உரியதாயிற்று. இந்நிலையில் அனுமதியோடு எடுக்கப்படும் ஒவ்வொரு முழுக்கோளமும், இனி எப்போதாவது ஒரு தூணைச் செப்பனிட நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பதிவாகிவிடுகிறது. இணையத்தில் வெளியிடத் தைத்து முடித்த படம் அதற்குப் போதாது, ஏனெனில் அதில் ஓரங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டு, இரண்டு படங்களின் மேற்படியும் பகுதிகள் ஒன்றாகக் கலக்கப்பட்டிருக்கும். கேமரா தந்த மூலக்கோப்புகள் ஒவ்வொன்றையும், வில்லையின் பெயரோடும் துளை எண்ணோடும் குவித்த தொலைவோடும், முக்காலி நின்ற கற்பலகை எது, தரையிலிருந்து வில்லை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற குறிப்போடும் சேர்த்துக் காக்க வேண்டும். உயரமும் இடமும் தெரிந்தால் படத்தின் கோணங்களிலிருந்து தூணின் அளவுகளை மீட்க முடியும். மேற்படியும் ஓரங்கள் எஞ்சியிருந்தால், இன்றைய மென்பொருள் தவறாகத் தைத்த இடத்தைப் பின்னொரு நாளில் பிரித்து மீண்டும் தைக்கவும் முடியும்.